ஹிப்பி அத்தைக்கு ஒரு மாடி அறை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நான் நன்றாகவே இருக்கிறேன். குளிருக்கு மட்டும் இடது தோள்பட்டை முணுமுணுக்கிறது. உன் முழங்கால் எப்படி? காது இன்னும் மந்தம்தானா? உன் மகன் சலூனுக்குக் கண்ணாடிக் கதவு போட்டதாகக் கேள்விப்பட்டேன். அவனையும் உன் மருமகளையும் கேட்டதாகச் சொல்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இருக்கும் மலைத்தோட்டத்தை விற்கப் போகிறார்கள். இடம் கொடுத்த மகராசன் போய்விட்டார். அவருடைய வாரிசுகளுக்கு இது வெறும் நிலம். அன்றைக்கு ஒரு வேன் நிறைய வந்தோம். இப்போது மிஞ்சியிருப்பது நானும், கண் தெரியாத ஒரு பெரியவரும், பால் வற்றிய ஒரு ஆடும்தான். பெரியவரைக் கூட்டிப்போக அவருடைய தம்பி மகன் வருகிறான். ஆட்டைக்கூட யாரோ கேட்டிருக்கிறார்கள். என்னைத்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை.

நம் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறதா? வருஷக் கடைசிக்குள் நான் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும். முடியும் என்றால் முடியும் என்று எழுது. முடியாது என்றால் அதையும் நேராக எழுது, இழுக்காதே. முடி வெட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இழுக்கிற ஆள் நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


பிப்ரவரி 24

அருமைத் தங்கை வாலுக்கு,

அண்ணன் சொல்ல, மருமகள் எழுதுகிறாள். இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், அதுவே பெரிய விஷயம். தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நான் பேசுவதை இவள் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். படிக்கும்போது என்னைப் போல இல்லாவிட்டால் என் மேல் சந்தேகப்படாதே. 'போன்ல பேசிட வேண்டியதுதானே' என்கிறான் மகன். போனில் எனக்குக் கொசு பாடுவதுதான் கேட்கிறது.

மாடி அறையில் ஆள் யாரும் இல்லை. ஆனால் காலி என்றும் சொல்ல முடியாது. கடையைப் புதுசாக்கியபோது கழித்த சுழல் நாற்காலிகளும் ரசம் போன கண்ணாடிகளும் அங்கேதான் கிடக்கின்றன. அதை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? தடை அது இல்லை. உன்னிடம் என்ன மறைவு, மகன்தான் யோசிக்கிறான்.

சாப்பிடும்போது சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அத்தை வந்தா ஊர் என்னப்பா சொல்லும்? ஹிப்பி அத்தை வந்தாச்சுன்னு சொல்லும்."

"சொல்லிட்டுப் போகட்டுமேடா. அது ஒரு கிராப்பு, அவ்வளவுதானே."

"அப்பா, அது கிராப் இல்லை."

அம்மா போனபோது நீ வெறுங்காலோடு, கழுத்து நிறைய மணி போட்டுக்கொண்டு வந்து நின்றாயே. அப்போது இவன் சின்னப் பையன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் இவனுக்குப் பெயர் 'ஹிப்பி மருமகன்'. மீசை முளைக்கும் வரைக்கும் அந்தப் பெயர் விடவில்லை. இப்போது வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளராக நிற்கிறான். எதிர்த்து நிற்பது பேக்கரிக்காரர். பழைய பெயரை யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம்.

அதனால் கேட்கிறேன். அந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்தது கடைக் கணக்குதான். 'ஹிப்பி கிராப்' என்று வந்து உட்காருவார்கள். காதை மூடி முடி காலரைத் தொட வேண்டும், நுனியை மட்டும் தட்டிவிட வேண்டும். கத்தரிக்கு வேலையே இல்லாத கிராப் அது ஒன்றுதான். கடையில் கேட்டுப் பார்த்தேன். அது ஒரு பேண்ட், கால் பக்கம் அகலமாக இருக்கும் என்கிறார் பக்கத்துக் கடைத் தையல்காரர். அது ஒரு கொள்கை என்கிறார் ஓய்வுபெற்ற வாத்தியார். "கஞ்சா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் பேக்கரிக்காரர். ஆளாளுக்கு ஒன்று சொன்னால் மகனுக்கு நான் எதைச் சொல்வது? நீ எழுதி அனுப்பு. எழுத்தில் இருந்தால் மதிப்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். தோள்பட்டை பரவாயில்லை. நின்றுகொண்டே வேலை பார்க்காதே, உனக்கும் வயதாகிறது.

நான் கேட்டது அறை. நீ கேட்பது அர்த்தம். சரி, கேட்டதற்காகச் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் இந்தப் பெயரைச் சொல்லி என்னைத் திட்டியவர்கள் உண்டு, என் பின்னால் வந்து வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. அர்த்தம் கேட்ட முதல் ஆள் நீதான்.

நாங்கள் யாரும் எங்களை ஹிப்பி என்று சொல்லிக்கொண்டதில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் 'நம்ம ஆளுங்க' என்போம், அவ்வளவுதான். ஹிப்பி என்பது மற்றவர்கள் வைத்த பெயர். எங்களோடு ஒருவர் இருந்தார், அகராதிப் பைத்தியம். அவர் சொல்வார்: கடல் தாண்டிய தேசத்தில் கறுப்பின இசைக்காரர்களிடம் 'ஹிப்' என்று ஒரு சொல் புழங்கியதாம். விஷயம் தெரிந்தவன், உலக நடப்பு புரிந்தவன் என்று பொருள். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது யாருக்கும் நிச்சயமில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து கூடவே வந்த சொல் என்பார்கள் சிலர், அதெல்லாம் கதை என்பார்கள் சிலர். அந்த இசைக்காரர்களைச் சுற்றித் திரிந்தவர்களுக்கு 'ஹிப்ஸ்டர்' என்று பெயர் வந்தது. பிறகு அவர்களைப் பார்த்து ஒரு பிள்ளைக்கூட்டம் முடி வளர்த்துக்கொண்டு கிளம்பியது. "வந்துட்டாங்கப்பா, எல்லாம் தெரிஞ்ச பொடிசுங்க" என்ற மாதிரி மூத்தவர்கள் இளக்காரமாக 'ஹிப்பி' என்றார்களாம். சீப்புப் பிடிக்கத் தெரியாதவனை 'குட்டி மாஸ்டர்' என்பாயே, அது போலத்தான். பத்திரிகைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் ஒட்டிவிட்டார்கள்.

ஆக, அது கிராப்பும் இல்லை, பேண்ட்டும் இல்லை. ஒரு கிண்டல். இதை உன் மகனிடம் சொல். அறையைப் பற்றியும் கேள்.

வாலு


ஏப்ரல் 9

அருமைத் தங்கை வாலுக்கு,

வெயில் ஏறிவிட்டது, அதைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

மருமகள் படித்துக் காட்டியதை மனசில் வாங்கிக்கொண்டு போய்க் கடையில் அப்படியே ஒப்பித்தேன். 'குட்டி மாஸ்டர்' என்ற இடத்தில் தையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகனும் சிரித்தான். ஆனால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்கிருந்து வந்ததுன்னு அத்தை எழுதிட்டாங்க. என்ன செஞ்சாங்கன்னு எழுதலையே. அதானேப்பா ஊர் கேக்கும்?"

அவன் கேட்டது நியாயம் என்றே பட்டது. உன்னிடம் அதை நானும் கேட்டதில்லை. நீ கிளம்பிய அன்று என் நாற்காலியில் இருந்தவர் மரக்கடைக்காரர். வலது காதோரம் முடித்துவிட்டேன், இடது பக்கம் பாக்கி. கண்ணாடியில் அந்த வர்ணம் பூசின வேன் தெரிந்தது. நீ பச்சைப் பாவாடை கட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஏறினாய், இன்னொன்றைக் கையில் வைத்திருந்தாய். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிவைத்துவிட்டு மறந்துபோகலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறைக்காமல் எழுது. தெரிந்துகொண்டால் மகனிடம் நான் பேசிக்கொள்வேன். கூச்சப்படாதே, மருமகள் ஒருத்திதான் படிப்பாள். இவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. (இதை எழுதும்போது சிரிக்கிறாள்.)

தோளில் பாரம் ஏற்றாதே.

அண்ணன்


மே 3

அன்புள்ள அண்ணா,

உடம்பு சுகம். மனசைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான்.

என்ன செய்தோம் என்றால், காலையில் எழுந்து மண் கொத்தினோம். ஒரே சீப்பில் பத்துப் பேர் தலை வாரினோம். உனக்கு நெஞ்சே நின்றுவிடும் என்று தெரியும். கஞ்சா உண்டா என்றால் உண்டு. இரண்டு தடவை சிரித்தேன். மூன்றாம் தடவை அம்மாவை நினைத்து விடிய விடிய அழுதேன், அத்தோடு விட்டேன். பாடினோம், சண்டை போட்டோம், சண்டையே வராது என்று சொல்லிக்கொண்டு போன இடம் அது.

கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு இருந்தாயா என்றால் இருந்தேன். தாடிக்காரர் என்போம். நல்லவர். ஒரு நாள் என்னிடம் கண்ணாடி கேட்டார். தோட்டத்தில் கண்ணாடி கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் முகம் பார்த்துத் தாடியை எடுத்தார். அப்பாவின் பம்புசெட் வியாபாரத்தைக் கவனிக்கப் போகிறேன் என்றார், போய்விட்டார். நான் தடுக்கவில்லை. யாரையும் தடுக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

அண்ணா, எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். உன்னிடம் சொன்னதில்லை. அம்மா இருக்கும்போது சொல்லப் பயம், அம்மா போனபிறகு சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன். சின்ன வயதில் ஒரு நாள் கேட்டாள், "அம்மா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் கதவே இல்லை?" கதவு வேண்டாம் என்று தீர்மானித்தது நாங்கள். அவளை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளை எல்லாரும் சேர்ந்து வளர்த்தோம். எல்லாரும் வளர்த்ததில் காய்ச்சலுக்கு யார் கூட உட்கார வேண்டும் என்பது பல நாள் யாருக்கும் தெரியாமல் போனது. நானும் சில நாள் உட்காரவில்லை.

படித்தாள், போனாள். உங்கள் ஊருக்கு அடுத்த நகரத்தில் ஒரு வங்கியில் லாக்கர் பகுதியில் வேலை. எங்கே பார்த்தாலும் பூட்டும் சாவியும். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. கட்டிக்கொண்ட வீட்டில் அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை போய் அந்த வங்கிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவளுக்குத் தெரியும். பக்கத்தில் வர மாட்டாள். போன தடவை வாட்ச்மேனிடம் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினாள். மூடியைத் திறந்து லேசாக மூடித் தந்திருந்தாள், என் கைக்குத் திறக்க வராது என்று எப்படித் தெரிந்ததோ. மாடி அறையைக் கேட்டது இதற்கும் சேர்த்துத்தான். அங்கிருந்து ஒரே பஸ்.

விஷயம் தெரிந்தவன் என்பதிலிருந்து வந்த பெயராம். எது எது வேண்டாம் என்று எங்களுக்கு நன்றாகத்தான் தெரிந்திருந்தது. அது தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான்.

முழங்காலைக் கவனி.

வாலு

பின்குறிப்பு: இது உனக்கு மட்டும். உன் மருமகள் படித்துக் காட்டியதும் அடுப்பில் போட்டுவிடச் சொல். மகனுக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவை உன் வாயால் சொல்.


மே 31

தங்கைக்கு,

இங்கே அனைவரும் நலம். மருமகளின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதனால் இதைத் தையல்காரர் எழுதுகிறார். தங்கமான மனுஷன்.

உன் கடிதம் கிடைத்தது. விஷயம் தெரிந்துகொண்டேன். முழங்காலுக்குப் புதுசாக ஒரு தைலம் தடவுகிறேன், பிசுபிசுப்புதான் மிச்சம். கடைக்கு மின்விசிறி மாற்றினோம். வெயில் குறைந்தபாடில்லை. உங்கள் மலையில் எப்படி? தோட்டத்தில் இந்த வருஷம் என்ன போட்டிருக்கிறாய்?

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

சுகம். நீ?

கையெழுத்து மாறியிருக்கிறது. விற்கப் போகிற தோட்டத்தில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்கிறாய். அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை வாலு என்று கூப்பிடக்கூட இல்லை.

என் கடிதத்தை யார் படித்தது? இதற்கு மட்டும் பதில் எழுது.

வாலு


ஜூலை 27

அருமைத் தங்கை வாலுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். மருமகள் திரும்பிவிட்டாள், அவள்தான் எழுதுகிறாள். முதலில் எழுத மாட்டேன் என்றாள். "அவங்ககிட்ட என் பேரைச் சொல்லித்தானே மாமா நம்பிக்கை குடுத்தீங்க?" என்று கேட்டாள். இத்தனை நாள் தாமதம் அதனால்தான்.

தபால்காரர் கடிதத்தைக் கடையில் வைத்துக் கொடுத்தார். மருமகள் ஊரில் இல்லை. பேக்கரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, "என்ன மாஸ்டர், ஹிப்பிக்கு அர்த்தம் வந்துடுச்சா? சங்கத்துல ஒட்டி வைக்கலாமா?" என்று மகன் முன்னாலேயே கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அர்த்தம் எழுதின கடிதம் மாதிரி இதுவும் சிரிக்கச் சிரிக்க இருக்கும், இவர் வாயை அடைக்கும் என்று நினைத்தேன். நாற்காலியில் வாத்தியார் இருந்தார், ஒரு கன்னம் வழித்தாகிவிட்டது, ஒரு கன்னத்தில் நுரை.

"வாத்தியாரே, நீங்களே படிங்க. எனக்குக் கேக்கிற மாதிரி சத்தமாப் படிங்க" என்றேன்.

வகுப்பில் படிக்கிற மாதிரி படித்தார். ஒரே சீப்பு என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். தாடிக்காரர் வந்ததும் சிரிப்பு நின்றது. 'எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்' என்று படித்துவிட்டு வாத்தியார் என்னைப் பார்த்தார். அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எனக்கும் கேட்க வேண்டியிருந்தது, வாலு. நான் தாய்மாமன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிகிறது. "ம், மேல படிங்க" என்றேன். கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு கிட்ட வந்து நின்றார்கள். வங்கி, லாக்கர், தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தது. கடைசியில்தான் 'இது உனக்கு மட்டும்' வந்தது. வாத்தியார் அதையும் அதே சத்தத்தில் படித்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது.

மகன் வாத்தியாரின் இன்னொரு கன்னத்தை வழித்து முடித்தான், முகம் துடைத்துவிட்டான், எல்லாரையும் அனுப்பிக் கதவைச் சாத்தினான்.

"முதல்ல அர்த்தம் வந்ததே போதும்னு அப்புறம் எனக்கே தோணிடுச்சுப்பா. அத்தைக்காகப் போன வாரமே மாடியைச் சுத்தம் பண்ண ஆள் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லாம செய்யலாம்னு இருந்தேன்."

எனக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் முதலில் கடைசி வரியைப் பார்த்திருப்பேன். எனக்குக் கடிதம் என்றால் வரிசையாக வருவதுதான்.

அறை தயாராக இருக்கிறது. மகன் வரச் சொல்கிறான். திட்டிவிட்டாவது வா.

அண்ணன்


ஆகஸ்ட் 29

அருமைத் தங்கை வாலுக்கு,

சுகமா? பதில் இல்லையே என்று தினமும் தபால்காரர் முகத்தைப் பார்க்கிறேன். அவரே இப்போது என் கண்ணைப் பார்க்காமல் சைக்கிளை மிதிக்கிறார்.

நாற்காலிகளையும் கண்ணாடிகளையும் எடுத்தாகிவிட்டது. வெள்ளை அடித்து, தரை கழுவி, மருமகள் ஒரு கட்டிலும் மேஜையும் போட்டிருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பஸ் நிற்கும் இடம் தெரியும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னான் மகன். படி ஏறுவதற்கு ஒரு கைப்பிடியும் அடித்திருக்கிறான்.

தெருவைப் பற்றி நீ பயப்படாதே. யாரும் தப்பாகப் பேசவில்லை. "உங்க தங்கச்சி எப்ப வர்றாங்க?" என்று தினம் நாலு பேர் கேட்கிறார்கள். வாத்தியார் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். பேக்கரிக்காரர்கூட மாறிவிட்டார். அவருடைய மச்சான் அந்த நகரத்தில் வங்கியில்தான் இருக்கிறாராம். "லாக்கர் செக்ஷன்ல ஒரு பொண்ணுதானே மாஸ்டர், ரெண்டு போன் போட்டாத் தெரிஞ்சிடும். தாயையும் மகளையும் நாமளே சேத்து வச்சிடலாம்" என்கிறார். நல்ல மனசுதான், இல்லையா?

என்றைக்கு வருகிறாய் என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகமாக இருங்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் பேக்கரிக்காரரைத் தடுத்து நிறுத்து. எப்படியாவது நிறுத்து. என் மகள் தன் வீட்டில் ஒன்று சொல்லியிருக்கிறாள். அது பொய்தான், ஆனால் அந்தப் பொய்யின் மேல் ஒரு குடும்பம் நடக்கிறது. நான் அவளுக்குக் கதவு வைத்துக் கொடுக்கவில்லை. அவளாக வைத்துக்கொண்ட கதவை யாரோ இரண்டு போன் போட்டுத் திறக்க வேண்டாம்.

நான் வரவில்லை, அண்ணா. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. முதலில் கோபம் இருந்தது, நீ கடையில் நடந்ததை எழுதியபோதே போய்விட்டது. "மேல படிங்க" என்று நீ சொன்னதை நினைத்தால் கோபப்பட முடியவில்லை. ஆனால் நான் அங்கே வந்து உட்கார்ந்தால், படி இறங்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த முகச்சாயலில் ஒரு பெண் எந்த வங்கியில் இருக்கிறாள் என்று யோசிப்பார்கள். நான் பஸ் ஏறினால் எங்கே போகிறேன் என்று தெரிந்துவிடும். ஹிப்பி என்று கூப்பிட்டால் கூப்பிட்டுக்கொள்ளட்டும், அது எனக்குப் பழகிய பெயர். அவள் அம்மா என்று யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.

இனி அந்தப் பஸ் நிறுத்தத்துக்கும் போக மாட்டேன்.

மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனையை ஒட்டி முதியோர் இல்லம் இருக்கிறது. ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. விலாசம் கீழே. கைப்பிடி அடித்த உன் மகனுக்கு என் ஆசீர்வாதம். சின்ன வயதில் அவனுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததற்கு அவனிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் மருமகளிடம் நான் வருத்தப்படவில்லை என்று சொல்.

வாலு


அக்டோபர் 26

அருமைத் தங்கை வாலுக்கு,

புது இடம் ஒத்துக்கொண்டதா? சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா? நான் நடமாடுகிறேன்.

இதை எழுதுகிறவர் தபால் நிலைய வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர். அவருக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறேன். தெரியாதவர் எழுதினால் மனசு விட்டுச் சொல்லலாம் என்று நினைத்து வந்தேன். வந்து உட்கார்ந்தபிறகு, தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்று இருக்கிறது.

நீ நிறுத்தச் சொன்னதை நிறுத்தியாகிவிட்டது. நானும் மகனும் பேக்கரிக்காரர் வீட்டுக்கே போனோம். "நான் சங்கத்துக்கு நிக்கலை, நீங்களே இருந்துக்குங்க. அந்த விஷயத்தை மட்டும் மறந்துடுங்க" என்றான் மகன். அவரும் சம்மதித்தார். திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஹிப்பி மருமகன்னு இனிமே யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பாப்பேன்பா" என்றான்.

மாடி அறையை வாடகைக்கு விடவில்லை. மருமகள் தினமும் பெருக்குகிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கடிதம் என்றால் இரண்டு பேர். எனக்கு எப்போதும் மூன்று பேர். 'உனக்கு மட்டும்' என்று என் ஆயுசில் நீ ஒருத்திதான் எழுதினாய். அதையும் வாத்தியார் வாயால்தான் கேட்டேன். உன் கையால் எழுதியதை உன் குரலாகக் கேட்க எனக்கு வழி இல்லை. கிளம்பி வரலாம் என்றால் முழங்கால் பஸ் படி ஏற விடாது. ஏறி வந்தாலும், நீ மெதுவாகச் சொன்னால் எனக்குக் கேட்காது.

அதனால் ஒன்று கேட்கிறேன். எழுதாமல் இருந்துவிடாதே. யார் படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுது. மழை பெய்தது, தோள் வலிக்கிறது, அவ்வளவு போதும். கூடவே வேறொன்றும் எழுத வேண்டாம்.

சொல்ல வந்தது இன்னும் இருக்கிறது. இவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். போதும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்


டிசம்பர் 11

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் உடல்நலத்தையும் வீட்டில் உள்ளவர்கள் நலத்தையும் அறிய விரும்புகிறேன்.

இங்கே பத்து நாளாக மழை, நேற்றுதான் விட்டது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. தோள்வலி குறைந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார். தாங்கள் முழங்காலுக்கு வேலை கொடுக்காமல் இருக்கவும்.

கடையில் உள்ள அனைவருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை